சாம்பல் பூச்சு

ஏட்டு நாச்சிமுத்து போலீஸ் உத்தியோகத்திலிருந்து ரிட்டயர் ஆனபிறகு, தான் ஓட்டிய பழைய வேனையே ஏலத்தில் எடுத்து, அதற்குள் கட்டில் போட்டு, அடுப்பு வைத்து, கூரைமேல் தண்ணீர் டேங்க் கட்டி, பெண்டாட்டியை இமயமலைக்குக் கூட்டிப்போவது என்று முடிவு செய்து, வெள்ளாரைப்பேட்டை பட்டறை வீதியில் ஜமாலிடம் கொண்டுவந்து விட்டார். ஜமால் ஜன்னல் வைப்பதற்காக உள்பக்கத் தகரத்தில் வெள்ளைப் பெயிண்டைச் சுரண்டியதும், சுரண்டிய இடத்திலிருந்து அடி விழ ஆரம்பித்தது.

முதல் அடி ஜமாலின் கெண்டைக்காலில் விழுந்தது. அடுத்தது தோளில், அதற்கடுத்தது முட்டியில், அப்புறம் எது எங்கே என்று பிரித்துச் சொல்லமுடியாதபடி முதுகெங்கும். தடி கண்ணுக்குத் தெரியவில்லை, தடியைப் பிடித்த ஆளும் தெரியவில்லை, காற்று கிழிகிற சத்தமும் சதையில் விழுகிற சத்தமும் மட்டும் குறைவில்லாமல் கேட்டன. ஜமால் கையில் உப்புத்தாளோடு தவழ்ந்து வெளியே வந்து, உதட்டு ரத்தத்தைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, எதிர்க்கடையில் டீ சொன்னார்.

"ஏட்டையா, வண்டில துரு கம்மிதானுங்க. ஆனா அடி நெறையா இருக்குது."

"சுத்தமா எடுத்தர முடியுமா?" என்றார் நாச்சிமுத்து.

"பூச்சுப் பூச்சாச் சொரண்டுனா எடுத்தர்லாமுங்க. நாளாகும்."

"ஆகட்டும். வூட்டுக்காரியக் கூட்டிட்டுப் போற வண்டி. சுத்தமாப் பண்ணிக் குடு."

பட்டறை வீதிக்கு இது பெரிய விஷயமாகப் படவில்லை. பழைய வண்டி என்றால் பழசு ஏதாவது இருக்கத்தான் செய்யும். மீன் லாரியைத் தறிநூல் லாரியாக மாற்றினால் மழைநாளில் நூலெல்லாம் நாறும். பிணவண்டியைப் பள்ளிக்கூட வேனாக மாற்றியபோது, டிரைவர் எவ்வளவு மிதித்தாலும் அது சந்தைக்குள் மட்டும் மெதுவாகத்தான் போனது, எதிரே வந்தவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்கள், பிள்ளைகள் உள்ளேயிருந்து கையாட்டின. போலீஸ் வேனில் அடி இருக்கிறது என்றால் அது இருக்கவேண்டிய இடத்தில்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டு வீதி தன் வேலையைப் பார்க்கப் போனது.

நாச்சிமுத்துவின் பெண்டாட்டி தெய்வாத்தாள் தினமும் தூக்குப்போசியில் சோறு எடுத்துக்கொண்டு பட்டறைக்கு வருவாள். வண்டி அவள் பேரில்தான் இருந்தது. தான் ஓட்டிய வண்டியைத் தானே ஏலம் எடுத்தால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்று நாச்சிமுத்து அவள் பேரில் எடுத்திருந்தார். நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற வண்டி, மண்ணோ பாறையோ பனியோ அதற்கு ஒன்றுதான் என்று அவர் சொல்லும்போது, தெய்வாத்தாளுக்குப் பனி என்ற சொல்லில் மட்டும் நெஞ்சு நின்று நகரும். ஆசைப்பட்டதைச் சொல்லாமலே பழகிவிட்டவள் அவள். இப்போது அவரே கேட்கிறார், அவரே காப்பி போட்டுத் தருகிறார், அம்மிணி என்று கூப்பிடுகிறார், ரிட்டயர் ஆன நாளிலிருந்து ஒரு தடவைகூட அவள்மேல் கை ஓங்கவில்லை. இந்த மனுசன் மாறிவிட்டான் என்று நம்புவதற்கு அவளுக்குக் கொள்ளை ஆசையாக இருந்தது, அந்த ஆசையைப் பார்த்துத்தான் அவளுக்குப் பயமாகவும் இருந்தது.

ஜமாலிடம் அவள் கேட்டது ஒன்றே ஒன்று. "ஜமால் தம்பி, முன்னாடி எனக்குப் போடற சீட்டத் திருப்பிக்கற மாதிரி வெக்க முடியுமா?"

"எதுக்குங்கம்மா?"

"அவுரு வலப்பக்கம் ஒக்காந்து ஓட்டுவாரு. எனக்கு வலது காது கேக்காது. பின்னாடி பாக்கத் திருப்பிக்கிட்டா எடது காது அவரு பக்கம் வருமில்ல. போற வழில எதாச்சும் பேசுனா கேக்கோணுமே."

ஜமால் எங்கேயோ தேடி, சுழலும் சீட்டு ஒன்றைக் கொண்டுவந்து பட்டறை முற்றத்தில் இறக்கி, அதற்குச் சிவப்பு ரெக்சின் தைத்து வைத்தார். காதில் சீழ் வைத்துப் போய்விட்டது என்றுதான் தெய்வாத்தாள் கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லியிருந்தாள். ஒரு நாள் கதவைத் தாமதமாகத் திறந்ததற்கு வாசலிலேயே வாங்கியது அது. நாச்சிமுத்து நொட்டாங்கைக்காரர், சோற்றை மட்டும் வலதுகையால் சாப்பிடுவார், ஸ்பேனர் திருகுவதும் அடிப்பதும் எல்லாம் இடதுகை, அதனால் எதிரே நிற்பவளுக்கு எப்போதும் வலது பக்கம்தான் வீங்கும்.

அடியை வீணாக்கக் கூடாது என்று முதலில் யோசித்ததும் தெய்வாத்தாள்தான், அதை அவள் பிற்பாடு மறக்கவே இல்லை. காடெல்லாம் கொள்ளு அறுப்பு முடிந்து, அடித்து உதிர்க்க ஆள் கிடைக்காமல் ஊரே தவித்துக்கொண்டிருந்த மாசம். தன் வீட்டுக் கொள்ளுச்செடியைக் கட்டோடு கொண்டுவந்து வேனுக்குள் பரப்பி, ஜமாலை வெளியே நின்றபடி நீளக் கம்பியில் உப்புத்தாளைக் கட்டிச் சுரண்டச் சொன்னாள். அடி மழையாக விழுந்தது. சாயங்காலம் கதவைத் திறந்தால் தோல் ஒரு பக்கம், தானியம் ஒரு பக்கம், தூசுகூடத் தட்டிய மாதிரி சுத்தம்.

அதற்குப் பிறகு பட்டறை வாசலில் வண்டிமாடு நிற்க இடமில்லை. கொள்ளு வந்தது, துவரை வந்தது, எள்ளுச்செடி வந்தது, புளியங்கொட்டை எடுக்கப் புளி வந்தது, மெத்தைக்காரன் இலவம்பஞ்சு மூட்டையை உருட்டிக்கொண்டு வந்தான், குடிகாரப் புருசனைப் பின்னால் கைகட்டி ஒருத்தி இழுத்துக்கொண்டு வந்தாள். அவனைக் கொஞ்ச நேரம் மட்டும் உள்ளே விட்டு எடுத்தார்கள், தாடை கோணிப்போய் வந்தவன் அதற்கப்புறம் தண்ணீரைக்கூட மோந்துபார்த்துத்தான் குடித்தான். கொள்ளுத் தோலில் ரத்தம் மாதிரி எதுவோ ஒட்டியிருப்பதாகச் சிலர் சொன்னார்கள். மாடு தின்றது, ஒன்றும் ஆகவில்லை. அந்தக் கொள்ளில் ரசம் வைத்தால் உப்புப் போடாமலே உப்புக் கரித்தது, உப்பு மிச்சம் என்று பெண்கள் சந்தோஷப்பட்டார்கள்.

கேட்டுக் கேட்டு வீதிக்குக் காது பழகிவிட்டது. எந்த அடி எந்தக் கையுடையது என்று சத்தத்தை வைத்தே சொன்னார்கள். வேகவேகமாக அடித்து மூச்சு வாங்குகிறவனுக்கு அவசரக்காரன் என்று பேர், அடிக்கு நடுவே கிணுக்கென்று இரும்புச் சத்தம் வந்தால் அது மோதிரக்காரன், மேலே ஓங்கிவிட்டு மெதுவாக இறக்குகிறவனுக்கு இளகின மனசுக்காரன். இளகின மனசுக்காரனிடம் பஞ்சு கொடுக்கலாம், துவரைக்கு மோதிரக்காரன்தான் லாயக்கு. அடி வாங்கினவர்களுக்கு யாரும் பேர் வைக்கவில்லை. அவர்கள் சத்தம் வண்டியில் இல்லை.

வெள்ளைப் பூச்சு தீர்ந்தது. அதற்குக் கீழே நீலம் இருந்தது, அதிலும் அடி இருந்தது. நீலத்துக்குக் கீழே சாம்பல் நிறம் எட்டிப்பார்த்தபோது நாச்சிமுத்து டீக்கடையில் எல்லோரும் கேட்க, "சாம்பல் எங் காலமப்பா. நாந்தான் அப்ப டிரைவரு. எங் கையால நானே அடிச்ச பெயிண்டு அது. அதுல ஒரு அடி இருக்காது, சொரண்டிப் பாருங்க" என்றார்.

அவர் பொய் சொல்வதாக நினைத்துச் சொல்லவில்லை. விசாரணையில் ஒரு தடவை சொன்னதை, கேட்டவர்களிடமெல்லாம் வருசக்கணக்காகச் சொல்லிச் சொல்லி, கடைசியில் அவருக்கே அதுதான் நடந்தது என்று ஆகிவிட்டிருந்தது.

அந்தப் பேச்சு சுற்றி, பத்து ஊர் தாண்டி, ராசாமணி என்கிற பெண்ணின் காதில் விழுந்தது. அவள் கொள்ளு கொண்டுவரவில்லை, எள்ளு கொண்டுவரவில்லை. வெறுங்கையோடு வந்து பட்டறை முற்றத்தில் உட்கார்ந்தவளிடம் தெய்வாத்தாள், என்ன அடிக்கணும் என்று கேட்டாள்.

"என்னையத்தானுங்க்கா. சாம்பல்ப் பூச்சச் சொரண்டறப்ப என்னைய உள்ள விடுங்க."

அவள் தம்பி குழந்தைவேலு சைக்கிளில் ஐஸ் விற்றவன். மோட்டார் திருடினான் என்று சந்தேகத்தில் இந்த வேனில் ஏற்றினார்கள். ஏரிக்கரை வளைவில், ஓடுகிற வண்டியிலிருந்து அவனே குதித்துச் செத்துப்போனதாக எழுதி, உடம்பைப் பொட்டலமாகக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். ஸ்டியரிங்கில் இருந்தேன், பின்னால் தடால் என்று சத்தம் கேட்டது, திரும்பிப் பார்ப்பதற்குள் குதித்துவிட்டான் என்று டிரைவர் சொன்ன சாட்சியில்தான் விசாரணை முடிந்தது.

"மூட்டைய அவுக்கவே உடலீங்க்கா. எந் தம்பி ஒடம்பு பட்டது என் ஒடம்புக்காச்சும் தெரியோணுமில்ல" என்றாள் ராசாமணி. அவள் அழவில்லை. அழுகை தீர்ந்துபோன முகம் எப்படி இருக்கும் என்று தெய்வாத்தாளுக்குத் தெரியும், தினமும் கண்ணாடியில் பார்ப்பதுதான்.

மறுநாள் நாச்சிமுத்து இரண்டு டப்பா பெயிண்டோடு வந்தார். "ஜமாலு, சொரண்டுனது போதும். மேல பச்சைய அடிச்சு மூடீரு. பனி விழுகறதுக்குள்ள மலைக்குப் போய்ச் சேரோணும்."

"சாம்பல்ல ஒண்ணும் இல்லைன்னீங்களே ஏட்டையா, சொரண்டீட்டு அடிச்சா வழுவழுன்னு இருக்குமே."

"சொன்னதச் செய்."

அந்தக் குரலைத் தெய்வாத்தாளின் இடது காது கேட்டது. ரிட்டயர் ஆனதிலிருந்து கேட்காத குரல்; அடுத்தாற்போல் என்ன வரும் என்று அவள் கழுத்து தானாகவே ஒரு பக்கம் சாய்ந்துகொண்டது. நாச்சிமுத்து அவளைப் பார்த்ததும் முகத்தை மாற்றி, "அம்மிணி, வா, தலைகாணி ஒற எந்தக் கலர்ல வேணும்னு பாத்துட்டு வரலாம்" என்றார். பனியும், சிவப்பு சீட்டும், வண்டிக்குள் அவளே ஆக்கப்போகும் சோறும், மாறிவிட்ட மனுசனும் அந்தத் தலைகாணி உறைக்குப் பின்னால் வரிசையாக நின்றன. பெயிண்டை அடித்துவிட்டால் அத்தனையும் அவளுக்குத்தான். முற்றத்தில் அந்தப் பெண் வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தாள்.

ஜமால் பெயிண்டு டப்பாவைத் திறக்காமல் நின்றார். "அம்மா, வண்டி உங்க பேருல இருக்குது. நீங்க சொல்லுங்க."

"சொரண்டுங்க தம்பி" என்றாள் தெய்வாத்தாள். சொல்லிவிட்டு, ராசாமணியின் கையைப் பிடித்து எழுப்பி, "தனியா வேண்டாம், நானும் வாறேன்" என்று அவளோடு வண்டிக்குள் ஏறினாள்.

வீதி முழுக்க வேலையை நிறுத்திவிட்டு வந்து நின்றது. சாம்பலில் அடியே இல்லை என்று அத்தனை பேரிடமும் சொன்ன நாச்சிமுத்து இப்போது தடுக்க முடியாமல், எதிர்க்கடையில் ஒரு டீ வாங்கிக்கொண்டு வந்து நின்றார். பின்கதவு திறந்தே இருந்தது. ஜமால் வெளியிலிருந்து கம்பியை நீட்டிச் சாம்பல் பூச்சில் உப்புத்தாளை வைத்து இழுத்தார். ஒன்றும் விழவில்லை. நாச்சிமுத்து சிரித்து, டீ டம்ளரை இடதுகைக்கு மாற்றிக்கொண்டார். ஜமால் இன்னொரு தடவை இழுத்தார்.

விழுந்த சத்தத்தில் கூரைமேல் உட்கார்ந்திருந்த காக்கைகள் எழுந்தன. தடி அல்ல, கை. ராசாமணியின் வலது கன்னத்தில் விழுந்து, அவள் தலை இடது தகரத்தில் மோதியது. பிறகு கொஞ்சம் இடைவெளி, ஒருவன் பதிலுக்காக உம் என்று கேட்டால் எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு. மறுபடி அறை, மறுபடி இடைவெளி. அதன்பின் தடி வந்தது. வலது தோள், வலது விலா, வலது இடுப்பு, எல்லாம் வலது பக்கம், ராசாமணியின் மூக்கிலிருந்தும் வாயிலிருந்தும் ரத்தம் கொட்டி ரவிக்கை நனைந்தது, விரல் ஒன்று ஒடிந்து பின்பக்கமாகத் திரும்பிக்கொண்டது, அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு ஒவ்வொன்றையும் வாங்கினாள், தம்பி, தம்பி என்று மட்டும் அடிக்கொரு தடவை சொன்னாள். அவசரக்காரன் இல்லை, மோதிரக்காரன் இல்லை, இந்தக் கைக்கு வீதியில் இன்னும் பேர் வைக்கவில்லை.

தெய்வாத்தாளுக்குப் பேர் தெரியும். முதல் அறையிலேயே தெரிந்துவிட்டது. அந்த இடைவெளிக்குள் அவள் பாதி வாழ்க்கை உட்கார்ந்திருந்தது. அடுத்தது எங்கே விழும் என்று அவள் உடம்புக்கு முன்னதாகவே தெரிந்ததால், விழுவதற்கு முன் குறுக்கே போய் நின்று அதைத் தன்மேல் வாங்கினாள். முட்டிக்கு வரப்போகிறது என்று குனிந்து ராசாமணியின் முட்டியை மறைத்தாள், முடியைப் பிடித்து இழுக்கும் என்று அவள் கொண்டையை முன்கூட்டியே பற்றிக்கொண்டாள், கன்னத்துக்கு வருமுன் முகத்தைக் கொடுத்தாள். ஒன்றுகூடத் தப்பவில்லை. வெளியே நின்றவர்கள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள், மெல்ல மெல்ல அவர்களுடைய முகம் மாறியது, ஒவ்வொருவராகத் திரும்பி நாச்சிமுத்துவைப் பார்த்தார்கள்.

கடைசியில் நெஞ்சில் ஒரு மிதி விழுந்தது. அதை மட்டும் தெய்வாத்தாள் அறியாள், வீட்டில் அது அவளுக்கு விழுந்ததில்லை. ராசாமணி அந்த வேகத்தில் பின்கதவு வழியாக வெளியே பறந்து, முற்றத்து மண்ணில் மல்லாக்க விழுந்தாள். ஜமால் உப்புத்தாளை எடுத்துவிட்டார். கதவோரம் சாம்பல் பூச்சு இன்னும் கொஞ்சம் பாக்கி இருந்தது.

தெய்வாத்தாள் இறங்கி வந்தாள். ஒரு கண் மூடிப்போயிருந்தது. ராசாமணியைத் தூக்கி உட்கார வைத்து, முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டு, புருசன்முன் போய் நின்றாள்.

"ஏனுங்க, நீங்க பின்னாடி இருந்தீங்கன்னா அப்ப வண்டிய ஓட்டுனது யாருங்க?"

"வாய மூடு. ஊட்டுக்கு நட."

"ஓடற வண்டில இருந்து குதிச்சான்னீங்களே, வண்டி நின்னுட்டுத்தான இருந்துச்சு?"

நாச்சிமுத்துவின் டம்ளர் கீழே விழுந்தது, இடதுகை எழுந்தது, தெய்வாத்தாளின் வலது கன்னத்தில் இறங்கியது. பிறகு, பழக்கம் எங்கே போகும், "உம்?" என்றார்.

பட்டறை வீதி அந்தச் சத்தத்தைக் கேட்டது. மாசக்கணக்காக அடியைக் கேட்டே தானியத்தைப் பிரித்த வீதி அது. வண்டிக்குள் விழுந்ததும் இப்போது வெளியே விழுந்ததும் ஒரே அடி, அந்த இடைவெளியில் இருந்தது இந்த உம்தான் என்று தெரிவதற்கு யாருக்கும் யாரையும் கேட்கவேண்டி இருக்கவில்லை.

"இந்தக் கைதான்" என்றார் ஜமால்.

யாரும் நாச்சிமுத்துவை அடிக்கவில்லை, அதை வீதி இன்றைக்கும் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறது. மெத்தைக்காரன் தோளைப் பிடித்தான், கொள்ளுக்காரப் பெண்கள் காலைப் பிடித்தார்கள், மூட்டையை ஏற்றுவதுபோல ஏற்றி, பின்கதவைச் சாத்தி, கொக்கியைப் போட்டார்கள். உள்ளேயிருந்து, நான் ஓட்டினவன் மட்டும்தான், நான் ஓட்டினவன் மட்டும்தான் என்று சத்தம் வந்தது. ஜமால் முன்பக்க ஜன்னல் வழியாகக் கம்பியை விட்டு, பாக்கியிருந்த சாம்பல்மேல் உப்புத்தாளை வைத்துக்கொண்டு, தெய்வாத்தாளைத் திரும்பிப் பார்த்தார்.

அவள் தலையை ஆட்டினாள்.

சிவப்பு ரெக்சின் போட்ட சீட்டு இன்னும் முற்றத்தில்தான் கிடந்தது. தெய்வாத்தாள் போய் அதில் உட்கார்ந்தாள். காலால் மண்ணை உந்தி, வலது காது வண்டிப் பக்கம் வரும்வரை சீட்டைத் திருப்பிக்கொண்டாள். வண்டி அதிர்ந்தது, டயர்கள் நசுங்கி நசுங்கி எழுந்தன, கதவிடுக்கில் எதுவோ சிவப்பாகச் சொட்டியது, வாசலில் நின்றவர்கள் ஒவ்வொருவராகக் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்கள். அந்தக் காதில் அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை. வடக்கே எங்கேயோ பனி பெய்துகொண்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

ராசாமணி தவழ்ந்து வந்து, சீட்டின் கையைப் பிடித்து எழுந்து, கிழிந்த உதட்டை அவளுடைய இடது காதில் வைத்தாள்.

"போதும்னு சொல்லுங்க்கா. அவரு செத்துட்டா எந் தம்பி குதிக்கலைன்னு ஜட்ஜுகிட்டச் சொல்றதுக்கு ஆரு இருக்கறா? போதும்னு சொல்லுங்க."

அந்தக் காதில் அவளுக்கு நன்றாகக் கேட்கும். நன்றாகவே கேட்டது. சொல்லத்தான் போகிறாள், அவளுக்கே அது தெரியும். ஆனாலும் கேட்காதவள்போல இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.